திரைக்குப் பின்னால் அட்டைக் கட்டில்கள்

“கட்டில் வந்திருச்சாமே?”

“வந்திருச்சு.”

“எங்க?”

“மேடை மேல. திரைக்குப் பின்னாடி.”

“அப்ப எடுத்துக் குடுங்களேன்.”

“குடுக்க முடியாது.”

கேட்டவர் ஆக்டோபஸ் பிடிக்கிற இவாஸாகு. பதில் சொன்னவர் எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர் நகமதா. இரண்டு பேரும் மெதுவாகத்தான் பேசினார்கள். ஆனாலும் கூடத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. விழாமல் எப்படி இருக்கும்? நிலநடுக்கத்தில் எங்கள் கடற்கரை ஊர் ஹினகுராவின் வீடுகளில் பாதி மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டன. மீதிப் பாதியை நம்பி யாரும் உள்ளே போவதில்லை. ஊரே பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தின் தரையில் கம்பளி விரித்துப் படுத்திருந்தது. ஒருவர் தும்மினால் நாலு மூலையிலிருந்தும் “உடம்பைப் பாத்துக்கங்க” என்று குரல் வரும்.

“ஏன் குடுக்க முடியாது?” என்றார் இவாஸாகு.

“மூணு குறையுது.”

“மூணு குறைஞ்சா மூணு பேருக்குக் குறையும். மத்தவங்களுக்கு என்ன?”

“அதெப்படிங்க? மூணு பேர் தரையில கிடந்து மேல பாப்பாங்க, மத்தவங்க மேல படுத்துக்கிட்டுக் கீழ பாப்பாங்களா?”

இதற்கு மேல் பேச முடியாது. எல்லோருக்கும் இல்லாத ஒன்று யாருக்கும் இல்லை என்பதுதான் எங்கள் கூடத்தின் சட்டம். முதல் வாரம் கமலாப் பழம் வந்தது. எண்ணிப் பார்த்தால் ஆளுக்கு ஒன்று தேறவில்லை. தலைவர் எல்லாவற்றையும் உரிக்கச் சொல்லி, சுளை சுளையாகப் பங்கு வைத்தார். பங்கு முடிவதற்குள் பாதிச் சுளை காய்ந்துவிட்டது. அடுத்து நகரத்துப் பேக்கரிக்காரர் ஒருவர் பெரிய கேக் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். அதன் மேல் ஸ்ட்ராபெர்ரி கொஞ்சம்தான் இருந்தது. யாருக்குப் பழம் வரும், யாருக்கு வராது? கேக் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது. நாங்கள் வாசலில் வரிசையாக நின்று குனிந்து வணங்கி அதை வழியனுப்பி வைத்தோம்.

தலைவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. முன்பு ஒரு சூறாவளி வந்தபோது அரசாங்கம் நீலத் தார்ப்பாய் கொடுத்தது. ஒரு வீட்டுக்குப் புதியது, பக்கத்து வீட்டுக்குப் பழையது. அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் இன்றைக்கும் ஒரே நேரத்தில் குப்பை வைக்க வருவதில்லை. அந்தப் பயம் அவருக்கு.

ஆனால் இவாஸாகுவுக்கு வேறு பயம். அவர் மனைவி கிகுயோ.

கிகுயோவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கம்பளி மடிப்புதான் இடைவெளி. முழங்கால் தேய்ந்தவள். தரையிலிருந்து எழ வேண்டுமானால் இரண்டு பேர் தூக்கிவிட வேண்டும். “மசாயே, உனக்கு எதுக்குச் சிரமம்” என்று என்னிடம் சொல்லிச் சொல்லி, எழுவதையே விட்டுவிட்டாள். எழுந்தால்தானே கழிப்பறைக்குப் போக முடியும்? அதனால் தண்ணீர் குடிப்பதையும் விட்டுவிட்டாள்.

வெளியூரிலிருந்து வந்த மருத்துவக் குழுவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். கிகுயோவின் கெண்டைக்காலில் விரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

“தண்ணி குடிக்கறீங்களாம்மா?”

“குடிக்கறேனே.”

“குடிக்கல டாக்டர்,” என்றேன் நான்.

கிகுயோ என் கையைக் கிள்ளினாள்.

டாக்டர் இவாஸாகுவைத் தனியே செருப்பு வைக்கும் அலமாரிப் பக்கம் அழைத்துப் போனார். “தரையில இப்படியே அசையாம கிடந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும். அந்தக் கட்டி நெஞ்சுக்குப் போச்சுன்னா அப்புறம் நான் ஓடி வந்தும் பிரயோஜனமில்ல. உயரமா படுக்க வைங்க. தானா காலைத் தொங்கப்போட்டு எந்திரிக்கணும், நடக்கணும், தண்ணி குடிக்கணும்.”

“எதுல படுக்க வைக்கறது?”

“அட்டைக் கட்டில் அனுப்பியிருக்காங்களே, வரலயா?”

வந்திருக்கிறது என்று சொல்ல இவாஸாகுவுக்கு வெட்கமாக இருந்ததாம். தலைவரிடம் போய் டாக்டர் சொன்னதைச் சொன்னார்.

“டாக்டர் வயசானவங்களுக்குத்தானே சொன்னாங்க?” என்றார் தலைவர்.

“ஆமா.”

“இங்க வயசாகாதவங்க யாருன்னு காட்டுங்க, அவங்களை விட்டுட்டுக் குடுத்துடறேன்.”

கூடத்தைச் சுற்றிப் பார்த்தார் இவாஸாகு. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்.

எங்களுக்கென்று டோக்கியோவிலிருந்து ஓர் ஆள் வந்திருந்தார். பெயர் ஹிஷினுமா. தேசியப் பேரிடர் ஏற்பாட்டு முகமை என்று முதுகு முழுக்க எழுதிய புதுச் சட்டை, தலையில் ஹெல்மெட். பேரிடர் நடந்த இடத்தில் ஹெல்மெட் போட வேண்டும் என்பது விதி. கூடமும் பேரிடர் நடந்த இடம்தான். ஆகவே சூப் குடிக்கும்போதும் அது தலையிலேயே இருந்தது. நல்ல மனிதர்தான். எங்கள் கண் முன்னால் சாப்பிட்டால் மரியாதையில்லை என்று காரில் போய் உட்கார்ந்து, கொண்டுவந்த பிஸ்கட்டைத் தின்பார். படுப்பதும் அங்கேயேதான். காலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு வருவார்.

ஹெல்மெட் காதை மறைத்ததால் அவரால் போனைக் காதில் வைக்க முடியாது. ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார். அதனால் தேசிய முகமை என்ன நினைக்கிறது என்பது ஹினகுராவில் உள்ள எல்லோருக்கும் உடனுக்குடன் தெரிந்தது.

“தலைமையகமா? ஹினகுரால கட்டில் மூணு குறையுது சார்.”

“குறையாது. யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே கணக்குப் போட்டு அனுப்பறோம். அதுதான் நம்ம புது முறை.”

“ஆள் மூணு கூட இருக்காங்க.”

“இருக்க முடியாது.”

“இருக்காங்க சார். நண்டு சாப்பிட வந்த ஒரு புருஷன் பொண்டாட்டி. அப்புறம் அவங்களைக் கூட்டிட்டு வந்த பஸ் டிரைவர்.”

“அவங்க ஹினகுராக்காரங்களா?”

“இல்ல சார்.”

“அப்ப ஹினகுரால இல்ல.”

நண்டு சாப்பிட வந்தவர் அப்போது பக்கத்தில்தான் சோற்று உருண்டையோடு நின்றிருந்தார். தான் இருப்பதற்காகப் போனைப் பார்த்து ஒரு முறை குனிந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு மூன்று பேரும் தலைவர் முன்னால் மண்டி போட்டார்கள்.

“எங்களாலதான் உங்க எல்லாருக்கும் இந்தத் தொல்லை. எங்களுக்குக் கட்டில் வேண்டாம். தயவுசெஞ்சு ஊர்க்காரங்களுக்குக் குடுத்துடுங்க.”

“எந்திரிங்க, எந்திரிங்க! விருந்தாளியைத் தரையில போட்டுட்டு நாங்க கட்டில்ல படுக்கறதா? எனக்குத்தான் வேண்டாம்.”

“தலைவருக்கே வேண்டாம்னா எனக்கு எதுக்கு?” என்றார் மீன்கடைக்காரர்.

“ஐயோ, எனக்கு முதுகு நல்லா இருக்கு. என் பங்கை எடுத்துக்கங்க,” என்றாள் தபால் நிலையத்துக்காரரின் மனைவி. அவள் முதுகு எப்படி என்று ஊருக்கே தெரியும்.

“எனக்குத் தரைதான் பழக்கம்.”

“எனக்கு உயரம்னா தலை சுத்தும்.”

முழங்கால் உயரக் கட்டிலுக்குத் தலை சுற்றுமாம்! மதுக்கடை நடத்துகிற யோனே என் தோளில் இடித்தாள். “பாத்தியா? ஏலம் நடக்குது. இறங்கு ஏலம்.”

தலைமையகத்திலிருந்து உத்தரவு வந்தது. தேவையை நேரடியாகக் கேட்டறிய வேண்டும். மறுநாள் காலை, வானொலி உடற்பயிற்சி முடிந்த கையோடு ஹிஷினுமா மேடை ஏறினார். அவருக்குப் பின்னால் கருஞ்சிவப்பு வெல்வெட் திரை. திரைக்குப் பின்னால் கட்டில்கள்.

“கட்டில் தேவைப்படறவங்க தயவுசெஞ்சு கையைத் தூக்குங்க.”

ஒரு நிமிடம் முன்பு வானொலிக்காரர் சொன்னதும் தோளுக்கு மேல் கையைத் தூக்கிய ஊர் அது. இப்போது ஒருவர் கை அசையவில்லை. பக்கத்தில் இருப்பவர் தூக்கினால் நாமும் தூக்கலாம் என்று எல்லோரும் பக்கத்தில் பார்த்தோம். பக்கத்தில் இருந்தவர் எங்களைப் பார்த்தார்.

இவாஸாகுவின் கை மட்டும் இடுப்பு வரை எழுந்தது. கிகுயோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“கையைக் கீழ போடுங்க. மானம் போகுது.”

“உசிரு போகப் போகுதுடி.”

“போனா போகட்டும். எல்லார் முன்னாடியும் எனக்குக் குடு எனக்குக் குடுன்னு கேட்டு வாங்கிப் படுக்கணுமா நான்?”

கை இறங்கிவிட்டது. கடலில் எத்தனை அலை பார்த்த கை அது! மனைவி இழுத்ததும் இறங்கிவிட்டது. இவாஸாகு அதை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹிஷினுமா போனை எடுத்தார்.

“கேட்டீங்களா?”

“கேட்டேன் சார்.”

“கேட்டாங்களா?”

“கேக்கல.”

“அப்ப தேவை இல்ல.”

“இருக்கற மாதிரி இருக்கு சார்…”

“இருக்கற மாதிரி இருக்கறதைப் பதிய இடமில்ல. நாளைக்கு மதியம் லாரி வரும், திருப்பி ஏத்தி விட்ருங்க.”

“வேற ஊருக்குப் போகுதா சார்?”

“எதுக்கு? பக்கத்து ஊர்லயும் கேட்டாச்சு, அவங்களும் வேண்டாம்னுட்டாங்க. கடற்கரை முழுக்கத் தேவை தீர்ந்தாச்சு. நம்ம முகமை ஆரம்பிச்சதுலேருந்து இவ்வளவு வேகமா எதையும் தீர்த்ததில்ல, ஹிஷினுமா.”

மறுநாள் விடிந்து பார்த்தால் நண்டுக்காரத் தம்பதியையும் பஸ் டிரைவரையும் காணவில்லை. அதுவரை நிவாரண வண்டிகளை மட்டும் விட்ட மலைப்பாதையை எல்லோருக்கும் திறந்துவிட்டார்களாம். யாருடைய தூக்கத்தையும் கெடுக்காமல் கிளம்பியிருந்தார்கள். கம்பளியை மடித்து, படுத்திருந்த தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இவாஸாகு தலைவரைப் பிடித்து உலுக்காத குறைதான். “மூணு பேர் போயாச்சு! இப்ப ஆளும் கட்டிலும் சரியா இருக்கு!”

“ஆமா! சரியா இருக்கு!” தலைவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. இருவரும் ஹிஷினுமாவின் காரைத் தட்டினார்கள்.

“அது முடியாதுங்களே,” என்றார் ஹிஷினுமா. அவருக்கே அழுகை வரும் போலிருந்தது. “தேவை இல்லன்னு பதிஞ்சாச்சு. இல்லாத தேவைக்கு எதையும் குடுக்க எனக்கு அதிகாரமில்ல.”

“அப்ப இன்னொரு தடவை கேளுங்க!”

கேட்டார். யார் தூக்குவார்கள்? நேற்று வேண்டாம் என்றவர் இன்றைக்கு வேண்டும் என்றால் நேற்றுச் சொன்னது வேஷம் என்று ஆகிவிடாதா? நேற்றாவது பக்கத்தில் பார்த்தோம். இன்றைக்கு எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

கிகுயோவின் உதடு வெடித்திருந்தது. நான் தண்ணீர்க் குவளையை நீட்டினேன். “அப்புறம் குடிக்கறேன்டி” என்று தள்ளி வைத்தாள். அந்த “அப்புறம்” எல்லாம் குடிக்காத குவளைகளாகத் தலைமாட்டில் வரிசையாக நின்றன.

அப்போதுதான் யோனே எழுந்தாள். முப்பது வருஷமாகக் குடித்தவர்களிடம் பேசியவள். எதை எப்படிக் கேட்டால் எது வெளியே வரும் என்று தெரிந்தவள். ஒரு கோப்பை தேநீரோடு ஹிஷினுமாவை மேடைப் படியில் உட்கார வைத்தாள்.

“ஏன் சார், நீங்க சொன்னா உங்க ஆபீஸ்ல நம்புவாங்களா?”

“மாட்டாங்க.”

“நாங்க சொன்னா?”

“மாட்டாங்க.”

“எதை நம்புவாங்க?”

ஹிஷினுமா யோசித்தார். “படத்தை.”

“கட்டில்ல ஒருத்தர் படுத்திருக்கற மாதிரி படம் போனா?”

“பயன்பாட்டில் உள்ளதுன்னு ஆயிடும். பயன்பாட்டில் உள்ளதைத் திருப்பி எடுக்கக் கூடாது.”

“ஒரே ஒரு கட்டில்தான்னாலும்?”

“எல்லாம் ஒரே சரக்கா வந்தது. பிரிச்சுத் திருப்பி அனுப்ப வழி கிடையாது.” சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். “ஆனா யாருக்கும் வேண்டாங்கறாங்களே. யார் வந்து படுப்பாங்க?”

“வேணுமான்னு கேட்டா செத்தாலும் படுக்க மாட்டாங்க. உதவி செய்ங்கன்னு கேளுங்க.”

“யார்கிட்ட?”

யோனே முகவாயால் எங்கள் பக்கம் காட்டினாள்.

ஹிஷினுமா வந்தார். கிகுயோவின் கம்பளி ஓரத்தில் மண்டியிட்டார். என்ன தோன்றியதோ, ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் தலையைப் பார்த்தோம். முடி பசை தடவிய மாதிரி ஒட்டிக் கிடந்தது, நெற்றியில் பட்டை பதிந்த சிவப்புக் கோடு. நெற்றி தரையில் படும்படி குனிந்தார்.

“கிகுயோ அம்மா, நான் ஒரு சிக்கல்ல மாட்டிக்கிட்டேன். நீங்கதான் காப்பாத்தணும்.”

“அடப் பாவமே!” கிகுயோ தலையைத் தூக்கினாள். “என்ன ஆச்சு உங்களுக்கு? மொதல்ல எந்திரிங்க.”

“கட்டிலை எப்படி உபயோகிக்கறதுன்னு ஒரு படம் அனுப்பணும். அனுப்பலன்னா டோக்கியோல என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாங்க. யாராவது கொஞ்சம் படுத்துக் காட்டினா…”

“நானா? வேற நல்ல முகமா பாத்துக் கூப்பிடுங்களேன். யோனே இருக்காளே.”

“நான் படுத்தா அது வேற மாதிரிப் படம் ஆயிடும்,” என்றாள் யோனே.

கூடமே சிரித்தது. கிகுயோவும் சிரித்தாள். பிறகு ஹிஷினுமாவின் தலையைப் பார்த்தாள். “பாவம், இவருக்கும் குடும்பம் குட்டி இருக்கும். ஒரு நிமிஷம்தானே?”

“ஒரே நிமிஷம்.”

யோனே போய்த் திரைக் கயிற்றை இழுத்தாள். பள்ளி ஆண்டுவிழா மாதிரி வெல்வெட் இரண்டு பக்கமும் விலகியது. உள்ளே அட்டைகள் கூரை வரை அடுக்கி இருந்தன. இவாஸாகு ஒன்றை உருவி, மடித்து, நாடா ஒட்டினார். வலை பின்னுகிறவரின் கை, நொடியில் கட்டிலாக்கிவிட்டது. அவரும் நானும் கிகுயோவைத் தூக்கிப் படியேற்றி, மேடை நடுவில் படுக்க வைத்தோம்.

“சிரிக்கணுமா?” என்றாள் கிகுயோ.

“வேண்டாம். தூங்கற மாதிரி நடிச்சாப் போதும்.”

கண்ணை மூடினாள். ஹிஷினுமா இரண்டு படம் எடுத்தார். மூன்றாவது எடுக்கும்போது குறட்டை கேட்டது.

“அடேங்கப்பா, நல்லா நடிக்கறாங்களே,” என்றார் தலைவர்.

“நடிப்பா?” என்றார் இவாஸாகு. “குளிர்ல அவ தூங்கி எத்தனை நாளாச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?”

மதியம் லாரிக்காரர் கதவைத் திறந்து, “ஏத்தலாமா?” என்றார். ஊரே சேர்ந்து “உஷ்ஷ்!” என்றது. மனிதர் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

ஹிஷினுமா பழக்கதோஷத்தில் ஒலிபெருக்கியிலேயே போட்டு, போனைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு பேசினார். அப்போதும் கேட்டது.

“ஏன் ரகசியம் பேசறீங்க?”

“ஒருத்தர் தூங்கறாங்க சார்.”

“எங்க?”

“கட்டில்ல.”

“தேவை இல்லன்னாங்களே?”

“தேவை இல்ல சார். எனக்கு உதவி செய்யறாங்க.”

“எழுப்புங்க.”

“தூங்கறவங்களை எழுப்ப விதி எது சார்? சொன்னீங்கன்னா எழுப்பறேன்.”

அங்கே காகிதம் புரளும் ஓசை கேட்டது. நெடுநேரம் புரண்டது. பிறகு, “படத்தை அனுப்பிட்டு லாரியை விட்ருங்க,” என்று குரல் வந்தது. லாரி வெறும் வண்டியாகப் போயிற்று.

நகமதா தலைவருக்கு இப்போது புதுத் தலைவலி. ஊரில் ஒருத்தி மட்டும் மேலே படுத்திருக்கிறாள், மற்றவர்கள் கீழே. இதை எப்படிச் சமன் செய்வது? நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நடந்தார், நின்றார், தொண்டையைச் செருமினார்.

“ஹிஷினுமா சாருக்கு ஒரு படம் போதாது போலிருக்கு. ஒருத்தர் மட்டும் உதவி செஞ்சா நல்லா இருக்காது. எல்லாரும் சமமா உதவி செய்யணும்.”

“அதானே!” என்றார் மீன்கடைக்காரர், துள்ளி எழுந்து. உயரம் என்றால் தலை சுற்றுகிறவர்தான் முதல் ஆளாக அட்டையை மடித்துக் கட்டிலாக்கினார். மாலைக்குள் ஊர் முழுக்க முகமைக்கு உதவி செய்துகொண்டு கால் நீட்டிப் படுத்திருந்தது. தொலைக்காட்சியில் ஓர் அதிகாரி ஹினகுராவைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். கட்டில் தேவை: இல்லை. கட்டில் பயன்பாடு: முழுமை. வேறெந்த ஊரும் இரண்டையும் ஒருசேரச் சாதிக்கவில்லையாம்.

மறுநாள் காலை கிகுயோ கண் விழித்தாள். காலைத் தொங்கப்போட்டாள். கட்டில் விளிம்பில் கையூன்றி, யாரையும் கூப்பிடாமல் எழுந்து நின்றாள். சுவரைப் பிடித்து மேடைப் படியிறங்கி, தானாக நடந்து கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தாள். இவாஸாகு ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார்.

“படம் நல்லா வந்துச்சா?” என்று ஹிஷினுமாவிடம் கேட்டாள்.

ஹிஷினுமா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கொஞ்சம் இருட்டா இருக்கு. இன்னொரு தடவை சிரமப்பட முடியுமா?”

“அதுக்கென்ன.”

அடுத்த நாள் படம் ஆடிவிட்டது. அதற்கடுத்த நாள் தூக்கத்தில் புரண்டுவிட்டாளாம், முகம் விழவில்லை. பிறகொரு நாள் எல்லாம் சரியாக இருந்தது, ஆனால் இவாஸாகுவின் கால் குறுக்கே வந்துவிட்டது. டாக்டர் திரும்பி வந்து கெண்டைக்காலை அழுத்தியபோது, விரலை எடுத்ததும் சதை மேலே வந்தது. “யார் கட்டில்ல படுக்க வெச்சீங்க?” என்றார். “யாரும் படுக்க வைக்கல. அவ உதவி செய்யறா,” என்றார் இவாஸாகு.

அன்று சாயங்காலமும் ஹிஷினுமா தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். ஹெல்மெட் எங்கே வைத்தார் என்று அவருக்கே நினைவில்லை. “இன்னைக்கும் சரியா வரலங்க.”

“சரி சரி, போய்ச் சாப்பிடுங்க மொதல்ல. கார்ல இல்ல, இங்க உக்காந்து,” என்று அவரை விரட்டிவிட்டு, கிகுயோ என் பக்கம் கையை நீட்டினாள்.

“மசாயே, அந்தச் சீப்பைக் குடு. இவ்வளவு பெரிய முகமை, ஒரு படம் எடுக்கத் தெரிஞ்ச ஆள் கிடையாது. இவங்களை நம்பி ஒரு நாடு இருக்கு பாரு.”

தலையை வாரினாள். தலைமாட்டில் இருந்த குவளையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள்.

“இன்னொரு குவளை ஊத்து,” என்றாள்.